நூற்றெழுபத்தெட்டு

ஸ்டீராய்டு ஊசி போட்டு வளர்த்த உடம்பு, வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். உடம்போடு சேர்ந்து இதயச் சுவரும் தடித்துவிட்டது, ஊசியை நிறுத்து என்று டாக்டர் சொன்னதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆணழகன் போட்டி நெருங்கிவிட்டதாம். அதனால் மனைவியும் தினமும் ஜிம்முக்கு வந்து, அவன் ஓடி முடிக்கும்வரை ட்ரெட்மில் திரையில் நாடித்துடிப்பையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அன்று காலை எண் நூற்றெழுபத்தெட்டுக்குப் போனது.

"போதும், இறங்குங்க."

நிறுத்தும் பொத்தானை அழுத்தினான். துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டையைக் கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு, இறங்கி பெஞ்சில் உட்கார்ந்தான். எண் குறையவில்லை. ஆளில்லாத பெல்ட் ஓடிக்கொண்டேயிருந்தது. அதன்மேல் யாரோ ஓடுவதுபோலத் தொம் தொம்மென்று சத்தம் வேறு.

"மிஷின் கோளாறு," என்று சிரித்தான். உதடு வெளுத்திருந்தது.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். பிறகு நெஞ்சில் காதை வைத்தாள். பூட்டிய வீட்டுக் கதவில் காது வைத்ததுபோல் இருந்தது.

"மறுபடியும் மேல ஏறுங்க. ஏறுங்கன்னு சொல்றேன்ல."

"கால் வரலடி."

காலை வேளை முடிந்திருந்தது. கரண்ட் பில் எகிறுகிறது என்று முணுமுணுத்தபடி ஜிம் மாஸ்டர் ஒவ்வொரு மிஷினாக ப்ளக்கைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அவள் ஓடிப்போய் சுவரோடு ஒட்டி, ப்ளக்கை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணே, உங்க கால்ல விழறேன். இதை மட்டும் அணைச்சிடாதீங்க."

அப்போது தலைக்கு மேல் ட்யூப்லைட் ஒருமுறை மங்கி எரிந்தது.