மையில்லாத கொக்கு

மரக்கட்டையில் செதுக்குவது கொழுந்தன் பாடு, தாளில் அச்செடுப்பது அண்ணி பாடு. சன்னலோரம் மெல்லிய தாள்களைத் தடவித் தடவி ஒதுக்கிய அண்ணி, ஈரத்துணியில் பொதிந்திருந்த தடித்த தாளை உருவுகிறாள். கட்டையில் அவன் செதுக்கியிருந்த ஆற்றுக்கு மட்டும் நீல மை பூசுகிறாள். அவன் உயிரைக் கொடுத்து இழைத்த கொக்கின் மேல் பொட்டு மைகூட இல்லை. "என்ன அண்ணி, நான் பட்ட பாடெல்லாம் வீணா?" "கொஞ்சம் வாய மூடிட்டு இரேன்." தாளை விரித்து, கொக்கு இருக்கும் இடத்தில் முழங்கையை ஊன்றி அழுத்தித் தேய்க்கிறாள். மெல்ல உரித்தெடுத்து வெளிச்சத்தில் சாய்க்கிறாள். நீலத்துக்கு நடுவே, வெறும் வெள்ளையில், இறகு இறகாகப் புடைத்து நிற்கிறது கொக்கு. நிமிர்த்தினால் மறைகிறது, சாய்த்தால் வருகிறது. தொடப்போன கையைக் கொழுந்தன் இழுத்துக்கொள்கிறான். "அண்ணி, இத நானா செதுக்கினேன்?"