வீடே சாட்சி

"என் பொண்டாட்டிக்கு ஒரு நாள்கூட வயிறு வலிச்சது கிடையாது சார்! எந்தப் புண்ணியவான் கிளப்பிவிட்ட புரளி இது?"

கண்டக்டர் மேஜையைத் தட்டிய தட்டில் இன்சூரன்ஸ் அதிகாரியின் பேனா உருண்டு கீழே விழுந்தது. தனியார் பஸ்ஸில் "உள்ள போ, உள்ள போ" என்று கத்திக் கத்தியே உரம் ஏறிய தொண்டை அது. ஆஸ்பத்திரியின் கண்ணாடி அறைக்குள் அதை அடக்கி வாசிக்க அவருக்குத் தெரியவில்லை.

அதிகாரி குனிந்து பேனாவை எடுத்தார். "கோபப்படாதீங்க. உங்க மனைவியை எமர்ஜென்சியில சேர்த்த அன்னைக்கு, அடிவயித்துல ரெண்டு வருஷமா வலின்னு டியூட்டியில இருந்த லேடி டாக்டர் எழுதியிருக்காங்க. நீங்க பாலிசி எடுத்தே ஒரு வருஷம்தான் ஆகுது. முன்னாடியே இருந்த நோயை மறைச்சுட்டீங்கன்னு கம்பெனி க்ளைமைத் தள்ளிடுச்சு."

விற்கும்போது வீடு தேடி வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சிய கம்பெனிதான். கொடுக்க வேண்டிய நேரத்தில் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

நாளைக் காலை ஆபரேஷன். கர்ப்பப்பையில் கட்டி. இன்சூரன்ஸ் கைவிரித்தால் மொத்தப் பணத்தையும் இன்றே கட்ட வேண்டும், இல்லையென்றால் கட்டிலைக் காலி செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாலிசியைத் தவிர கண்டக்டருக்கு வேறு நாதியில்லை.

"நான் எதையும் மறைக்கல சார். இது என் மச்சான் பண்ணின வேலை. நான் அன்னைக்கு டியூட்டியில இருந்தேன், அவன்தான் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்தான். தும்மல் வந்தாலே நிமோனியாங்கிற ஆளு! சீக்கிரம் பாக்கட்டும்னு ரெண்டு நாளை ரெண்டு வருஷமா இழுத்து விட்டிருப்பான்."

அதிகாரி தலையாட்டினார். "நடக்குறதுதான். கூட வர்றவங்க பதற்றத்துல கூட்டிச் சொல்லுவாங்க, டாக்டர் அதை அப்படியே எழுதிடுவாங்க. எத்தனையோ க்ளைம் இப்படித்தான் அடிபட்டுப் போகுது. ஆனா இங்கேயும் அப்படித்தான்னு நான் எப்படி நம்புறது?"

"அம்பது பேர் தொங்குற பஸ்ல எவன் டிக்கெட் எடுக்கலைன்னு முகத்தைப் பாத்தே சொல்லிடுவேன் சார். கட்டின பொண்டாட்டி முகம் எனக்குத் தெரியாதா? சந்தேகம்னா என் வீட்டுக்குப் போன் போட்டு யாரை வேணா கேளுங்க. நான் வாயே திறக்கல."

அதிகாரி ஸ்பீக்கரில் போட்டார். முதலில் எடுத்தது மகள்.

"அம்மாவுக்கா? அதெல்லாம் ஒண்ணுமில்ல அங்கிள். காலையில எனக்கு டிபன் கட்டிக் குடுத்துட்டுதான் அவங்க அடுத்த வேலையே பாப்பாங்க. வலின்னு ஒரு வார்த்தை சொன்னதில்ல."

அடுத்து கண்டக்டரின் அக்கா போனை வாங்கிக்கொண்டாள். அதே வீட்டில் இருப்பவள்.

"வலியாவது ஒண்ணாவது! என் தம்பி பொண்டாட்டி அடுப்புக்கு முன்னால நின்னுகூட சமைக்க மாட்டா சார். ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டுதான் எல்லாம். நாங்க அவளுக்கு மகாராணின்னே பேர் வெச்சிருக்கோம்!"

அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பொய்யைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்கும் குடும்பங்களை அவர் நிறையப் பார்த்தவர். இவர்கள் பேச்சில் அந்த வாடையே இல்லை.

"ஒரு பொம்பளைக்கு ரெண்டு வருஷமா வலின்னா, ஒரே வீட்ல இருக்குறவங்கள்ல ஒருத்தருக்குக்கூடவா தெரியாம போயிடும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். "மறுபடியும் பரிசீலிக்கச் சொல்லி நானே அனுப்புறேன். தைரியமா போங்க."

சாயங்காலம் அனுமதி வந்தது. கண்டக்டர் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி ஓடினார். வார்டில் அவருடைய மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"ஜெயிச்சாச்சு! உண்மையைச் சொல்றவனை எவன் என்ன பண்ண முடியும்? நம்ம வீடே சாட்சி சொல்லிச்சு. இரு, உங்க அண்ணனை நாலு வார்த்தை கேட்டாத்தான் என் மனசு ஆறும். வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்காம, ரெண்டு வருஷமாம்!"

போனை எடுத்த கையை அவள் எட்டிப் பிடித்தாள்.

"அண்ணனைத் திட்டாதீங்க. அவரு வெளியிலதான் நின்னுக்கிட்டிருந்தாரு. டாக்டர்கிட்ட சொன்னது நான்தான்."

"நீயா? ஏன்டி அப்படி ஒரு பொய்யைச் சொன்னே?"

"பொய் இல்லீங்க."

கண்டக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"கட்டின புருஷன் நான் இருக்கேன், பெத்த பொண்ணு இருக்கா. எங்க யார்கிட்டயும் சொல்லாததை, முன்னப்பின்ன தெரியாத அந்த டாக்டர் பொண்ணுகிட்ட மட்டும் எதுக்கு சொன்னே?"

"அந்தப் பொண்ணு கேட்டுச்சுங்க."