கயிறு தளர்ந்தால்

கோவர்த்தனன் மறுபடியும் முழங்கால் தேய விழுந்தான். நாய் ஜாக்கி அவனை அவனுடைய வேர்க்கடலைக் கொல்லையின் வரப்பு வரை இழுத்து வந்திருந்தது. கயிறு அறுத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்து எரிந்தது.

"டேய், சாவடிக்காதடா. இப்டி இழுத்தா அவ எப்டிடா உன்னக் கூட்டிக்கினு போவா?"

அவள் என்றது பத்மினியை. பக்கத்து வீடு. நிறைமாதம். அவள் புருஷன் ஹேமநாத் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவன், திரும்பவில்லை. போன் அணைந்து கிடந்தது. திருப்பதியில் ஏதாவது ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்திருப்பான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

சத்தியவேட்டிலிருந்து அவள் அம்மா பிரசவத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். "ஜாக்கி வந்தாத்தான் நானும் வருவேன். அவரு வந்தா மொதல்ல இதத்தான் கேப்பாரு" என்றாள் பத்மினி. நாய் இழுத்து நீ விழுந்தால் என்ன ஆவது, விட்டுவிட்டு வா என்றாள் அம்மா. இரண்டு பேரும் இறங்கி வரவில்லை.

நான் பழக்கித் தருகிறேன் என்று கோவர்த்தனன்தான் முன்வந்தான். நாய் பழகினால் அவள் போவாள். அவள் போயாக வேண்டும். அதைத் தவிர அவனுக்கு வேறு யோசனையே ஓடவில்லை. சோறு இறங்கவில்லை, தூக்கமும் இல்லை.

அந்தப் பக்கமாக வந்த வீராசாமி பைக்கை நிறுத்திச் சிரித்தான். அடுத்த கொல்லைக்காரன்.

"ஏம்பா, பன்னிங்க உன் கடலைய நோண்டித் துன்னுக்கினு கீது. அதுக்குப் போட்ட கரண்டு கம்பியச் சுருட்டி வெச்சுட்டு, நாய்க்கு ஸ்கூல் நடத்திக்கினு கீற."

"துன்னுட்டுப் போவட்டும்."

"பேசாம வண்டியில ஏத்திக்கினு போயி புத்தூர்ல வுட்டுட்டு வாய்யா."

"வுட்டேன். எனக்கு முன்னாடி வந்து நின்னுச்சு."

வீராசாமி சிரித்துக்கொண்டே போய்விட்டான். கோவர்த்தனன் போனை எடுத்து அதே தெலுங்கு வீடியோவைத் திரும்பவும் பார்த்தான். நாய் இழுத்தால் மரம் மாதிரி நின்றுவிட வேண்டும். கயிறு தளர்ந்தால்தான் அடி எடுத்து வைக்க வேண்டும். அப்போது ஒரு துண்டு ஈரல் கொடுக்க வேண்டும்.

ஜாக்கி இழுத்தது. அவன் நின்றான். தொண்டை இறுகி இருமியது, ஊளையிட்டது. அவன் நின்றான். வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்போதும் நின்றான்.

தினமும் இப்படியே போனது. ஒரு நாள் காலையில் ஜாக்கி திரும்பி அவன் முகத்தைப் பார்த்தது. கயிறு தொங்கியது. அவன் ஓரடி வைத்தான், அதுவும் ஓரடி வைத்தது. கொல்லையைத் தாண்டி ரோடு வரைக்கும் அப்படியே வந்தது. கோவர்த்தனன் ரோட்டோரத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அன்றைக்கே ஆட்டோ சொல்லிவிட்டான். பத்மினியின் கையில் கயிற்றைக் கொடுத்தான்.

"கயிறு தளந்திருந்தா அதுகூடவே நடம்மா. நீயா இழுக்காத, அதட்டாத. அதட்டுனா திரும்பவும் பழையபடி ஆயிடும்."

"சரிண்ணா. கூடப்பொறந்தவன்கூட இவ்ளோ செய்யமாட்டான்."

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். மெயின் ரோட்டில் ஆட்டோ நின்றிருந்தது. பின்சீட்டில் பையை வைத்து, எத்தனையோ நாளைக்குப் பிறகு மூச்சை முழுசாக விட்டான். திரும்பிப் பார்த்தான்.

பாதையில் ஆள் இல்லை. பத்மினி அவனுடைய வேர்க்கடலைக் கொல்லைக்கு நடுவில் நின்றிருந்தாள்.

"இழுக்கவே இல்லண்ணா!" அங்கிருந்தே சந்தோஷமாகக் கத்தினாள். "அதும்பாட்டுக்கு மெதுவா நடந்துச்சு. நீ சொன்ன மாதிரியே நானும் கூட வந்துட்டேன்!"

"வந்துடும்மா! அங்க நிக்காத, வா!"

ஓடினான். செடிகள் காலில் சிக்கின. ஜாக்கி முன்னங்காலால் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கயிறு தளர்ந்தே இருந்தது.

பத்மினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அண்ணா, அவரு செருப்பு இங்க எதுக்குப் பொதஞ்சிருக்குது?"