பணத்துக்காகப் போகிறவன்

“டெக்ஸாஸ் டீம்காரனுங்க எவ்வளவு குடுக்கிறானுங்க?” கத்தரியை நிறுத்தாமலே கேட்டார் லூத்தர்.

முடிவெட்டும் நாற்காலியில் இருந்த டெவோன், எதிரே இருந்த கண்ணாடியில் கடையின் பின்சுவரைப் பார்த்தான். ஒன்பது வருடமாக அங்கே தொங்கிய அவனுடைய ஃபுட்பால் ஜெர்சியைக் காணோம்.

“ஜெர்சி எங்கண்ணே?”

“வாசல்ல போட்டுக் கொளுத்தினோம். நான்தான் பெட்ரோல் ஊத்தினேன். இந்த ஊர் உனக்கு என்னடா குறை வச்சுது? நீ கால் உடைஞ்சு கிடந்தப்போ சர்ச்சே உனக்காக அழுதுச்சு. ஒப்பந்தம் முடிஞ்சதும் ஓடுறியே!”

“துரோகி” என்றான், முறைக்குக் காத்திருந்த ஒருவன்.

“எனக்கும் குடும்பம் இருக்குண்ணே. பணம் வேணாமா?”

“அப்போ அம்பது டாலரை எடு. இருபதெல்லாம் உள்ளூர்க்காரனுக்குத்தான்.”

கொடுத்துவிட்டு வெளியே வந்தான். காரில் இருந்த மனைவி கமிலா அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

“இன்னிக்கும் வாயைத் திறக்கலயா? ‘வயசாயிடுச்சுன்னு நம்ம டீமே என்னை வேணாம்னுடுச்சு, ஒரு போன்கூடப் பண்ணல, டெக்ஸாஸுக்குப் பாதிச் சம்பளத்துக்குத்தான் போறேன்’னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லல.”

“துரோகிப் பட்டம் அவ்வளவு இனிக்குதா?”

டெவோன் காரைக் கிளப்பினான்.

“திட்டுற வரைக்கும் நான் அவங்களுக்கு ஒரு ஆட்டக்காரன், கமிலா. விஷயம் தெரிஞ்சா, லூத்தரண்ணன் என்கிட்ட காசே வாங்க மாட்டார்.”