சுற்றுக்கு ஒரு வாக்கியம்

பூங்காவில் ஒரு கணம் நின்றாலும் அடிகளை எண்ணும் கைப்பட்டை அன்றைய நடைக் கணக்கு முழுவதையும் அழித்துவிடும். ஆளுக்கொரு திசையும் வேகமும் அதுவே விதிக்கும். அதனால் பூங்கோதையும் தோழி ரோஸ்லினும் எதிரெதிரே கடக்கும்போது சுற்றுக்கு ஒரு வாக்கியமாகப் பேசிப் பழகியிருந்தார்கள்.

“என் ஸ்கேன் ரிப்போர்ட் வந்துடுச்சுக்கா,” என்றாள் ரோஸ்லின் அன்று.

“என்னவாம்டி?” என்று பூங்கோதை கேட்பதற்குள் அவள் கடந்துவிட்டாள். பதிலுக்காக ஒரு சுற்று முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது.

“கேன்சராம்க்கா.”

நில், நில் என்று மனம் கத்தியது. பாழாய்ப்போன கால்களோ பழக்கத்தில் நடந்துகொண்டே இருந்தன. என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டு சுற்றி வருவதற்குள் ரோஸ்லின் நடையை முடித்துப் போயிருந்தாள்.

பூங்கோதையின் கைப்பட்டை குதூகலமாகச் சொன்னது: “சபாஷ்! இன்னைக்கு நீங்க ஒரு இடத்துலகூட நிக்கலை!”