மூன்று தலை நாய் யாருக்கு?

பூங்கோதை வீட்டு நாய்க்கு மூன்று தலை. கிரேக்கர் கதையில் பாதாள வாசலைக் காக்கும் நாயை ஆய்வகத்தில் உருவாக்கி விற்கத் தொடங்கியபோது, குட்டிக்காக அடித்துக்கொண்ட மூன்று பிள்ளைகளுக்கும் பொதுவாக அப்பா வாங்கி வந்தது. ஆளுக்கொரு தலைக்கு அவரவரே சோறூட்டி வளர்த்தார்கள்.

அப்பா போன பிறகு விருதுநகர் வீட்டை விற்றுவிட்டுப் பிரிந்துபோவதென்று முடிவானது. அண்ணன் குமரவேள் நாயை ஓசூருக்குக் கொண்டுபோனான். மறுவாரமே, விருதுநகர் வீட்டில் இருந்த பூங்கோதைக்குப் போன் செய்தான்.

"என் தலை மட்டுந்தான் சாப்பிடுது. மத்த ரெண்டும் வாசலப் பாத்து ஊளையிடுதுங்க. அந்த ரெண்டையும் எடுத்துரலாம்னு டாக்டர் சொல்றாரு. நீ சரின்னா..."

பூங்கோதை உடனே மறுத்தாள்.

"ஒரு தலையையும் எடுக்க வேணாம். நாயக் கூட்டிட்டு இங்க வாண்ணே. தம்பியையும் வரச் சொல்றேன். வீடு விக்கிற பேச்ச இன்னையோட விடு."

"மூணு பேரும் ஒண்ணா இருந்தா தெனம் சண்டைதான் போடுவோம்."

"போடுவோம். வேற யாரோட போடுறது?"

சனிக்கிழமை கார் வந்து நின்றது. தம்பி இளம்பரிதியையும் அவளையும் கண்டதும் நாய் பாய்ந்து இறங்கி இருவரையும் தள்ளிச் சாய்த்தது. சிரித்தபடியே அவள் நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் தன் பெட்டிகளையெல்லாம் இறக்கிக்கொண்டிருந்தான்.