வாய் அசைந்த கணக்கு

ஒயின் கம்பெனிக்கு நான் தர வேண்டிய பாக்கி ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய். திராட்சைப் பந்தலில் தொங்கும் கேமரா, பறிக்கும்போது நான் தின்றதாகச் சொல்லும் பழங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் போட்ட தொகை. இந்த மாதக் கூலி முழுவதும் அதற்கே போய்விடும்.

"சக்கரை வியாதிக்காரன்டா நான். ஒரு பழம் தின்னதில்ல. வெத்தலதான் மெல்லுறேன்" என்று சூப்பர்வைசர் தினகரனிடம் கத்தினேன்.

"வாய் அசைஞ்சா பழம்னுதாண்ணே அதுக்குத் தெரியும்."

"அப்ப பேசுனா?"

"அதுலதாண்ணே பாதிப் பாக்கி" என்று சிரித்தான்.

ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தேன். கடைசியில் ஒரு காகிதம் நீட்டினார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். களத்தில் நெற்போர் அடிக்கும் மாட்டுக்குக் கட்டுவதுபோல, வேலை முடியும்வரை வாய்க்கூடு மாட்டிக்கொள்ளச் சம்மதமாம். கையெழுத்துப் போட்டேன். பாக்கியைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.